ஹூஸ்டன் வெயிலுக்கும் களிமண்ணுக்கும் எந்த அசேலியா?

மார்ச் மாதத்தில் ஹூஸ்டனின் ரிவர் ஓக்ஸ் பக்கம் போனால் தெரு நெடுக அசேலியாப் புதர்கள் இலையே தெரியாமல் பூத்திருக்கும். வெள்ளை, இளஞ்சிவப்பு, கத்தரிப்பூ நிறம், நல்ல சிவப்பு என்று எல்லாம் ஒரே வாரத்தில். அந்தப் பகுதித் தோட்டக் கழகம் 1930களிலிருந்து இந்தப் பருவத்தில் ‘அசேலியா டிரெயில்’ நடத்திவருகிறது. ஐமா ஹாக் அம்மையார் வாழ்ந்த பேயூ பெண்ட் மாளிகைத் தோட்டமும் அதில் உண்டு. பார்த்துவிட்டு வருகிறவர்கள் அந்த வார இறுதியிலேயே கடைக்குப் போய், பூத்திருக்கும் தொட்டியாகப் பார்த்து இரண்டு மூன்று வாங்கி, வாசலில் குழி தோண்டி நட்டுவிடுகிறார்கள்.

கேட்டி, சுகர் லாண்ட், பேர்லாண்ட் என்று நம்மவர்கள் நிறைய இருக்கும் புறநகர்களில் இப்படி நட்ட செடிகளில் பல இரண்டாவது கோடையைத் தாண்டுவதில்லை. “இந்த ஊர் வெயில் அதுக்கு ஆகாது” என்று முடிவு கட்டி, அந்த இடத்தில் வேறு எதையாவது வைத்துவிடுகிறார்கள். ரிவர் ஓக்ஸிலும் அடிப்பது அதே வெயில்தானே? அங்கே நிற்கும் புதர்களில் பல நம் பிள்ளைகளைவிட வயதானவை. வித்தியாசம் மண்ணிலும் நிழலிலும் இருக்கிறது. கடைசியாகத்தான் ரகம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலை வெயில் மட்டும் விழும் கிழக்குப் பக்கம், ஓர் அடிக்குக் குறையாத மேட்டுப்பாத்தி, அதில் பெரிதாக வளரும் சதர்ன் இண்டிகா ரகம். இடம் சின்னது, ஆனால் காலை வெயில் நாலு மணி நேரமாவது கிடைக்கிறது என்றால் வருடத்தில் இருமுறை பூக்கும் என்கோர் வகை. உட்லண்ட்ஸ், கிங்வுட் பக்கம் பைன் மரத்தடியில் வீடு இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள், நாட்டு அசேலியாவையும் வைக்கலாம். மேற்கு வெயில் நேராக அடிக்கும் வாசலுக்கு அசேலியா வேண்டவே வேண்டாம். ஏன் இப்படி என்பதுதான் மீதிக் கட்டுரை.

எது கொல்கிறது?

செத்துப்போன அசேலியாவை ஒரு தடவை பிடுங்கிப் பாருங்கள். கேட்டி பக்கத்துக் கருங்களிமண்ணில் இரண்டு வருடம் நின்ற செடியாக இருந்தாலும், வேர்க்கட்டு கடையில் வாங்கிய தொட்டியின் வடிவத்திலேயே, அடிப்பக்க விளிம்பு உட்பட, அப்படியே வெளியே வரும். ஒரு வேர்கூடப் பக்கத்து மண்ணுக்குள் போயிருக்காது. வேரை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு கழன்று, உள்ளே மெல்லிய நார் மட்டும் நிற்கும். அதுதான் வேரழுகல். ஃபைட்டோப்தோரா என்ற நீர்ப்பூஞ்சை செய்கிற வேலை. மண் சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். ஹூஸ்டனில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மண் அப்படித்தான் இருக்கிறது.

இதில் ஒரு கொடுமை உண்டு. வேர் அழுகிய செடி தண்ணீர் இல்லாத செடி மாதிரியே வாடும். அதைப் பார்த்து வீட்டில் இருப்பவர் இன்னும் தண்ணீர் ஊற்றுவார். வாடிய செடிக்கு ஹோஸைத் திறக்குமுன் மேலே பரப்பிய இலை, பட்டை மூடாக்கை விலக்கி விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிடுங்கள். ஈரமாக இருக்கும்போதே வாடுகிறது என்றால் பிரச்சினை வேரில்.

அசேலியாவின் வேர் மிக மெல்லியது. மற்ற செடிகளுக்கு இருக்கும் வேர்த்தூவிகள் இதற்குக் கிடையாது. முடி போன்ற வேர்களும் அவற்றோடு கூடி வாழும் பூஞ்சையும்தான் உணவைத் தேடித் தருகின்றன. பெரும்பாலும் மேல்மண்ணின் சில அங்குலங்களுக்குள்ளேயே அது பரவும். கனத்த களிமண்ணைத் துளைத்துக்கொண்டு போகிற பலம் அதற்கு இல்லை.

இரண்டாவது எதிரி சுண்ணாம்பு. அசேலியாவுக்கு அமில மண் வேண்டும், பி.எச். அளவு (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 4.5 முதல் 6 வரை. ஹூஸ்டனின் மேற்கு, தென்மேற்குப் பகுதிகளில் மண் பல இடங்களில் 7-ஐத் தாண்டிவிடும். அப்போது மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது. புது இலை வெளுத்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிவது அதன் அடையாளம். குழாய்த் தண்ணீரும் கொஞ்சம் காரமானதுதான். வீட்டுக் கான்கிரீட் அடித்தளமும் காரோட்டுப் பாதையும் தங்கள் பங்குக்கு அருகிலுள்ள மண்ணில் சுண்ணாம்பை இறக்கிக்கொண்டே இருக்கும்.

உங்கள் மண் எப்படி என்று தெரிய ஆய்வகத்துக்கு அனுப்புவது நல்லது. அதற்கு முன்னால் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். ஒரு கைப்பிடி காய்ந்த மண்ணை எடுத்து அதன்மேல் சமையலறை வினிகரை ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு கலந்தே இருக்கிறது என்று அர்த்தம். அந்த மண்ணில் கந்தகத்தூள் போட்டு அமிலமாக்குகிற முயற்சியை விட்டுவிடலாம். போடுகிற கந்தகத்தையெல்லாம் அந்தச் சுண்ணாம்பு தின்றுவிடும். நுரைக்கவில்லை என்பதாலேயே மண் அமிலம் என்று ஆகிவிடாது, அதற்கு பி.எச். பார்த்தே ஆக வேண்டும்.

நேரடி நடவா, மேட்டுப்பாத்தியா, தொட்டியா?

குழி தோண்டி நேரடியாக நடுவது மலிவு, வேலையும் குறைவு. மணல் கலந்த அமில மண் உள்ள வடபகுதியில், அதாவது கான்ரோ, உட்லண்ட்ஸ், கிங்வுட் போன்ற பைன் காட்டு நிலத்தில், இது போதும். அங்கேயும் செடியைக் கொஞ்சம் மேலே தூக்கித்தான் வைக்க வேண்டும். வேர்க்கட்டின் மேல் மூன்றில் ஒரு பங்கு தரைக்கு மேலே நிற்கட்டும், சுற்றி மண் அணைத்து மூடாக்குப் போடலாம்.

களிமண்ணில் நேரடி நடவை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பலர் குழியைப் பெரிதாகத் தோண்டி, உள்ளே நல்ல கலவையை நிரப்பி நடுகிறார்கள். பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் சுற்றியிருக்கும் களிமண் தண்ணீரை விடாது. மழை பெய்தால் அந்தக் குழி நிரம்பிய கிணறு மாதிரி நிற்கும், செடி அதற்குள் முங்கிக் கிடக்கும். ஹூஸ்டனில் வருடத்துக்கு ஏறத்தாழ 50 அங்குல மழை. ஒரு புயல் வாரம் போதும்.

மேட்டுப்பாத்திதான் என் தேர்வு. உயரம் 12 முதல் 18 அங்குலம். நிரப்புவதற்குப் பொடித்த பைன் பட்டை பாதி, மீதியில் பீட் மாஸ் என்ற மக்கிய பாசியும் நன்றாக மக்கிய இலை உரமும். இந்த ஊர்ப் பழைய தோட்டக்காரர்கள் பைன் பட்டையும் பீட் மாஸும் மட்டுமே போட்டு வளர்த்திருக்கிறார்கள், அதுவும் ஓடும். கடையில் ‘தோட்ட மண்’ என்று மூட்டையில் விற்பதை அப்படியே கொட்டாதீர்கள். காளான் உரம் கலந்ததில் உப்பும் சுண்ணாம்பும் இருக்க வாய்ப்பு அதிகம். பாத்தியைச் சுற்றிக் கட்ட மரச்சட்டமோ மணற்கல்லோ நல்லது. சுண்ணாம்புக்கல் அழகாக இருந்தாலும் இந்தச் செடிக்கு ஆகாது.

ஒரு விஷயத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. ஹூஸ்டன் செங்கல் வீடுகளின் சுவரில், தரைக்குச் சற்று மேலே, செங்கல்களுக்கு நடுவே வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். சுவருக்குள் இறங்கும் ஈரம் வெளியேறுவதற்கான வழி அது. மேட்டுப்பாத்தியைச் சுவரோடு ஒட்டிக் கட்டினால் அந்தத் துளைகள் மண்ணில் மூடிப்போகும். ஈரம் உள்ளே தங்கும், கரையான் ஏறும். அதனால் பாத்தி சுவரிலிருந்து 2, 3 அடி தள்ளியே இருக்கட்டும். கான்கிரீட் சுண்ணாம்பிலிருந்தும் அதே இடைவெளி செடியைக் காப்பாற்றும். வாசல்பக்கம் கட்டுவதானால் எச்.ஓ.ஏ. என்ற குடியிருப்புச் சங்கத்தின் அனுமதியை முதலில் வாங்கிவிடுங்கள், கட்டின பிறகு பிரிக்கச் சொன்னால் மனம் கஷ்டப்படும்.

மேட்டுப்பாத்திக்குக் குறையும் உண்டு. பட்டை மக்க மக்க உயரம் இறங்கும், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மேலே சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கோடையில் களிமண்ணைவிட வேகமாகக் காயும். ஒரு சொட்டுநீர்க் குழாய் ஓட்டிவிட்டால் அந்தக் கவலை பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குத் தொட்டிதான் வழி. ஆழமான தொட்டியைவிட அகலமானது நல்லது, கறுப்பு நிறம் வேண்டாம். கோடை வெயிலில் கறுப்புத் தொட்டியின் உள்பக்கம் கையை வைத்தால் வேர் எந்தச் சூட்டில் வேகிறது என்று புரியும். ஜூலை, ஆகஸ்டில் தினமும் தண்ணீர் பார்க்க வேண்டும், உறைபனி வந்தால் கராஜுக்குள் தூக்கி வைக்க வேண்டும். ஊருக்கு ஒரு மாதம் போகிற குடும்பங்களுக்கு இது சரிவராது. நாம் இந்தியா போவதே பெரும்பாலும் பள்ளி விடுமுறையான ஜூன், ஜூலையில்தான்.

சதர்ன் இண்டிகா

ரிவர் ஓக்ஸில் பார்க்கிற பெரிய புதர்களில் அதிகம் இந்த வகைதான். சீனாவைச் சேர்ந்த சிம்சி இனத்தைக் கொண்டு பெல்ஜியத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வளர்ப்பதற்காக உருவாக்கிய கலப்புகள் இதன் மூதாதை. 1840களில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் அருகே மேக்னோலியா தோட்டத்தில் இவற்றை வெளியே நட்டார்கள். குளிருக்காகக் கண்ணாடிக்குள் பொத்தி வைத்த செடி, அமெரிக்கத் தெற்கின் புழுக்கத்தில் மரநிழலில் தானாகத் தழைத்தது. பிறகு ஜார்ஜியா, அலபாமா என்று பரவி, மொபீல் நகரம் 1929-இலிருந்து தன் ‘அசேலியா டிரெயில்’ நடத்துகிற அளவுக்கு அந்தக் கடலோரம் முழுவதும் சொந்தமாகிவிட்டது. ஹூஸ்டனும் அதே வளைகுடாக் கரைதான். ஆசியாவிலிருந்து வந்தவற்றில் நம் வானிலைக்கு நெடுநாள் பழக்கமான அசேலியா இது.

ரகங்களில் மூன்றைச் சொல்வேன். ‘ஃபார்மோசா’ கத்தரிப்பூவும் ரோஜாவும் கலந்த நிறம், பூ 3 அங்குலத்துக்கு மேல் விரியும், வேரழுகலையும் பல ரகங்களைவிட நன்றாகத் தாங்கும். ‘ஜார்ஜ் லிண்ட்லி டேபர்’ வெளிர் இளஞ்சிவப்பு, இதழின் நடுவே கருஞ்சிவப்புப் புள்ளிகள். ஒரு பூவைக் கையில் வாங்கிப் பார்த்தால் மேல் இதழில் மட்டும் அந்தப் புள்ளிகள் தெளித்தது போலக் கூடி, தொண்டையை நோக்கி அடர்ந்துகொண்டே போகும். தேனீக்கு வழிகாட்டும் தடம் அது. ‘மிசஸ் ஜி. ஜி. ஜெர்பிங்’ அந்த டேபரிலிருந்தே பிறந்த தூய வெள்ளை. மாலை மங்கலில் வெள்ளை எடுப்பது போல மற்ற நிறம் எடுக்காது. ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் என்றால் எனக்கு டேபர்.

இந்த வகையின் குறை அதன் உடம்புதான். 3 கேலன் தொட்டியில் அடக்கமாக இருக்கிற செடி, சில வருடங்களில் 8 அடி உயரம், அதே அளவு அகலம் போகும். ஜன்னலுக்குக் கீழே நட்டால் வருடா வருடம் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வெட்டுகிற நேரம் தவறினால் அடுத்த மார்ச்சில் பூ இருக்காது. பூ முடிந்தவுடன் வெட்டலாம், ஜூன் கடைசிக்குப் பிறகு கத்தரியைத் தொடக்கூடாது. அடுத்த வருட மொட்டு கோடையிலேயே கிளை நுனியில் உருவாகிவிடுகிறது. தோட்ட வேலைக்கு வருகிறவர்கள் செப்டம்பரில் மற்றப் புதர்களோடு சேர்த்து இதையும் பெட்டி போல வெட்டிவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பூப்பதும் வருடத்துக்கு ஒரு தடவைதான், இரண்டு மூன்று வாரம். 2021 பிப்ரவரியில் ஹூஸ்டனில் 13 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இறங்கியதே, அந்த மாதிரிக் குளிரில் விரியத் தயாராக இருக்கும் மொட்டுகள் கருகிவிடும். நன்றாக வேரூன்றிய செடி பெரும்பாலும் திரும்பத் துளிர்த்து வந்துவிடும், அந்த வசந்தம் மட்டும் போகும்.

என்கோர்

லூசியானாவில் இண்டிபெண்டன்ஸ் என்ற ஊரைச் சேர்ந்த நர்சரிக்காரர் ராபர்ட் ‘பட்டி’ லீ, கோடையில் பூக்கிற தைவான் இனமான ஓல்டமியைத் தெற்கத்திய ரகங்களோடு கலந்து உருவாக்கியது இது. 1990களின் பிற்பாதியில் கடைக்கு வந்தது. மார்ச்சில் ஒரு சுற்றுப் பூக்கும், புதுத் தளிர் விடும், அந்தத் தளிரிலேயே மொட்டு வைத்துக் கோடைக் கடைசியிலிருந்து இலையுதிர்காலம் வரை மறுபடி பூக்கும். பெயர்கள் எல்லாம் ‘ஆட்டம்’ (autumn, இலையுதிர்காலம்) என்று தொடங்கும். ‘ஆட்டம் ராயல்டி’, ‘ஆட்டம் ட்விஸ்ட்’, ‘ஆட்டம் எம்பர்ஸ்’, ‘ஆட்டம் ஏஞ்சல்’ என்று 30-க்கு மேல்.

நம் சின்ன மனைகளுக்கு இதன் அளவு கச்சிதம். பெரும்பாலானவை 3 முதல் 5 அடிக்குள் நின்றுவிடும். குளிரையும் சதர்ன் இண்டிகாவைவிட நன்றாகத் தாங்கும். தீபாவளி சமயத்தில் வாசலில் பூத்திருக்கிற அசேலியா வேண்டும் என்றால் இதை நம்பலாம்.

ஆனால் விளம்பரத்தில் காட்டுவது போல இரண்டு பருவமும் ஒரே மாதிரி பூக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வசந்தப் பூ செடியை மூடும், இலையுதிர்காலப் பூ இலைகளுக்கு நடுவே திட்டுத் திட்டாக வரும். இதற்கு வெயிலும் வேண்டும், ஒரு நாளைக்கு 4 முதல் 6 மணி நேரம். முழு நிழலில் வைத்தால் இரண்டாவது பூ வரவே வராது, கூடுதல் விலை கொடுத்து வாங்கியதும் வீண். அந்த வெயில் காலை வெயிலாக இருக்க வேண்டும் என்பதுதான் ஹூஸ்டனில் சிக்கல். 2023 ஆகஸ்டில் 109 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்ட மாதிரி மதிய வெயில் இலையைப் பொசுக்கும்.

வெயில் கூடினால் லேஸ் பக் வரும். சின்னஞ்சிறு பூச்சி, கண்ணாடிச் சல்லடை போன்ற சிறகு. இலையின் மேல்பக்கம் ஊசியால் குத்தியது போல வெள்ளைப் புள்ளிகளாக வெளுத்திருந்தால் அந்த இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் கருப்பு வார்னிஷ் துளிகள் மாதிரி காய்ந்து ஒட்டியிருக்கும், அது இந்தப் பூச்சியின் கழிவு. அந்த வெளுப்பு திரும்பப் பச்சையாகாது. அதனால் மார்ச், ஏப்ரலிலேயே இலையின் அடிப்பக்கம் படும்படி வேப்பெண்ணெய்க் கரைசலோ தோட்டச் சோப்போ அடிக்க வேண்டும், வெயில் தாழ்ந்த பிறகு. மேல்பக்கம் அடித்துப் பயன் இல்லை. வேரில் ஊற்றுகிற இமிடாகுளோபிரிட் மருந்து வேலை செய்யும்தான், ஆனால் பூவுக்கு வரும் தேனீக்கும் அது போய்ச் சேரும். நான் அதைச் சொல்லமாட்டேன். எந்த அசேலியாவுக்கும் இந்தப் பூச்சி வரும், நிழலில் நிற்பதற்குக் குறைவு.

குருமே, சட்சுகி

ஜப்பானின் கியூஷு தீவில் உள்ள குருமே நகரத்தின் பெயர் கொண்டவை முதல் வகை. ‘கோரல் பெல்ஸ்’, ‘ஹினோதேகிரி’ போன்றவை அடர்த்தியான சின்னப் புதர்கள், பூ சிறிது, எண்ணிக்கை ஏராளம். டல்லஸ், டைலர் பக்கம் இவை அருமை. ஹூஸ்டனில் வளரும், ஆனால் வேரழுகலுக்குச் சீக்கிரம் மசியும். ‘கும்போ’ போன்ற சட்சுகிகள் 2, 3 அடிக்குள் தரையோடு அடங்கும், பாத்தி விளிம்புக்கு அழகு. ஆனால் ஏப்ரல் கடைசி, மே என்று தாமதமாகப் பூப்பதால் சூட்டிலும் மழையிலும் மாட்டிக்கொள்ளும். இதழில் புள்ளி விழுந்து, ஒரே நாளில் கூழாகி, உதிராமல் செடியிலேயே ஒட்டிக்கொள்கிற இதழழுகல் நோய் அப்போது வேகமாகப் பரவும். சேர்த்து வைக்கலாம், இதை நம்பியே பாத்தி போட வேண்டாம்.

நாட்டு அசேலியா

இதைப் பற்றி நம்மவர்கள் பேசி நான் கேட்டதே இல்லை, அதனால்தான் இத்தனை ஆசையாக எழுதுகிறேன். மேலே சொன்ன ஆசிய வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு மணம் கிடையாது. மல்லிக்கும் முல்லைக்கும் பழகிய மூக்குக்கு அது ஒரு குறைதான். அமெரிக்கத் தெற்கின் காட்டு அசேலியாக்களுக்கு மணம் உண்டு. கிழக்கு டெக்ஸஸ் ஓடைக்கரைகளில் தானாக வளர்கிற கனெசன்ஸ் இனம், மார்ச்சில் இலை விடுவதற்கு முன்னாலேயே வெறுங்கிளையில் வெளிர் இளஞ்சிவப்பாகப் பூக்கும். பூவின் குழல் மெல்லியது, அதிலிருந்து மகரந்தத் தாள்கள் நீளமாக வெளியே வளைந்து நிற்கும். ஃபுளோரிடா, அலபாமாவைச் சேர்ந்த ஆஸ்ட்ரைனம் இனம் மஞ்சளும் ஆரஞ்சும். மொபீலில் இருந்த யூஜின் அரோமி இந்தத் தெற்கத்தி இனங்களை வைத்துச் சூடு தாங்கும் கலப்புகள் பலவற்றை உருவாக்கினார், கிடைத்தால் வாங்குங்கள்.

குளிர்காலத்தில் இலை உதிர்ந்து குச்சியாக நிற்கும், அதனால் வாசலுக்குப் பொருந்தாது. பெரிய கடைகளில் அநேகமாகக் கிடைக்காது. நாட்டுத் தாவரம் விற்கிற நர்சரிகளிலும் வசந்தகாலச் செடி விற்பனைகளிலும் தேட வேண்டும். சுண்ணாம்பு மண்ணை ஆசிய வகைகளைவிடக் குறைவாகவே பொறுக்கும். பைன் மரத்தடி மணல் மண்ணில் வீடு உள்ளவர்கள் இதை வைக்காமல் விடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

எந்த வீட்டுக்கு எது?

கிழக்குப் பார்த்த வாசல், முன்னால் ஒரு மரம், கருங்களிமண்: மேட்டுப்பாத்தி போட்டு, பின்வரிசையில் டேபர் அல்லது ஃபார்மோசா, செடிக்குச் செடி 5, 6 அடி. முன்வரிசையில் குட்டையான என்கோர். இந்தச் சேர்க்கைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. மார்ச்சில் இரண்டும் சேர்ந்து பூக்கும், அக்டோபரில் முன்வரிசை தனியாகப் பூக்கும்.

வடக்குப் பார்த்த வீட்டில் சதர்ன் இண்டிகா பிழைக்கும், பூ குறையும். அங்கே வெள்ளை ஜெர்பிங் நல்லது, இருட்டான மூலையிலும் தெரியும். அடர்ந்த லைவ் ஓக் மரத்தின் அடியிலேயே நட வேண்டாம். நிழலும் அதிகம், மரத்தின் வேர் பாத்திக்குள் ஏறி ஈரத்தை உறிஞ்சிவிடும். கிளைவீச்சுக்கு வெளியே, விளிம்பில் வைக்கலாம்.

மேற்கு, தென்மேற்கு வாசலுக்கு வேறு செடி. நல்ல வெயிலும் கார மண்ணும் சேர்ந்த இடத்தில் டிரிஃப்ட் ரோஜா அழகாக வரும், டர்க்ஸ் கேப் என்று இங்கே சொல்கிற மொட்டுச் செம்பருத்தி இனம் களிமண்ணையும் வறட்சியையும் பொறுத்துக்கொண்டு தேன்சிட்டு அளவுள்ள ஹம்மிங் பறவைகளை அழைத்து வரும். அங்கே அசேலியாவை வைத்து வருடா வருடம் சாகக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வீட்டில் நாய், பூனை இருந்தால் நட்ட இடத்தை யோசிக்க வேண்டும். அசேலியாவின் இலை, பூ, தேன் எல்லாவற்றிலும் கிரேயனோடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கிறது. குழந்தைகள் பூவைப் பறித்துத் தேன் உறிஞ்சாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நாட்டு வகைகளுக்கும் இது பொருந்தும். பிரசாதத் தட்டை அலங்கரிக்கவும் இந்தப் பூ வேண்டாம்.

மளிகைக் கடை வாசலில், ஈஸ்டர் சமயத்தில், பளபளக்கிற காகிதம் சுற்றி வைத்திருக்கும் சின்ன அசேலியா வேறு வகை. கண்ணாடி வீட்டில் பூக்க வைத்த உள்வீட்டுச் செடி அது. பூ இருக்கும்வரை மேசையில் வைத்து ரசிக்கலாம், பாத்திக்கு நம்பி இறக்க வேண்டாம்.

சென்னை, மதுரையிலிருந்து படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அசேலியா நன்றாகப் பூக்கிறது, நீலகிரியின் உச்சிகளில் அதன் உறவான காட்டுப்பூவரசு இயற்கையாகவே சிவப்பாகப் பூத்து நிற்கிறது. அங்கிருந்து தொட்டி வாங்கிக் கீழே கொண்டுவந்தால் நிற்காது. கோடையில் உருவான மொட்டு சரியாக விரிய வேண்டுமானால் நடுவே சில வாரங்கள் 10 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிர் வேண்டும். ஹூஸ்டனின் டிசம்பரும் ஜனவரியும் அதைத் தருகின்றன. சென்னையின் டிசம்பர் இரவு 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டுக்கு விற்கிற அசேலியாவும் குளிர்ந்த நாட்டில் மொட்டு வைத்து வந்து இறங்குவதுதான். சமவெளித் தமிழ்நாட்டுக்கு இட்லிப்பூவும் அடீனியமும் இருக்கின்றன, அவற்றின் நிறத்துக்கும் பஞ்சமில்லை.

ஹூஸ்டன்காரர்களுக்கு இனி நேரம் பற்றி. மார்ச்சில் நர்சரிக்குப் போய் நிறத்தைப் பார்த்து, ரகத்தின் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். கோடையில் பாத்தியைக் கட்டி நிரப்பி மழையில் அமர விடுங்கள். அக்டோபர் கடைசி, நவம்பரில் செடி வாங்கி நடுங்கள், வேர் பிடிக்க முழுக் குளிர்காலமும் கிடைக்கும். தொட்டியிலிருந்து எடுத்ததும் வேர்க்கட்டின் பக்கங்களைக் கத்தியால் மூன்று நாலு இடத்தில் கீறி, கையால் பிரித்துவிட்டு நட வேண்டும், இல்லாவிட்டால் வேர் தொட்டி வடிவத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மேலே பைன் ஊசி இலை 2, 3 அங்குலம், தண்டைத் தொடாமல். முதல் வருடம் உரமே வேண்டாம். பிறகு பூ முடிந்ததும் அமிலச் செடிகளுக்கான உரம் கொஞ்சம், ஆகஸ்டுக்குப் பிறகு எதுவும் இல்லை. வாரத்துக்கு ஓர் அங்குலத் தண்ணீர், முடிந்தால் பீப்பாயில் பிடித்த மழைத்தண்ணீர். ஊருக்குப் போகும் மாதத்துக்குச் சொட்டுநீர்க் குழாயோடு ஒரு டைமரும் வாங்கிவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் செடி காய்ந்தால் அப்போது பெரிதாக ஒன்றும் தெரியாது, மார்ச்சில்தான் பூ குறைந்திருப்பது தெரியும்.